தலைகீழ்ச் சூசையப்பர்

ஆரின் கெப்ஹார்ட் மண்ணுக்குள்ளிருந்து சூசையப்பரை எடுத்த அன்று, எதிர்வீட்டு ஜன்னலில் நான் நின்றுகொண்டிருந்தேன். வேவு பார்த்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். என் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டி அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டா கழுவ முடியும்?

பனி கரைந்து மண் இளகியிருந்த நேரம். வீட்டு முன்பக்கத்தில் பட்டுப்போன புதரின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று குனிந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய எதையோ எடுத்தான். மண்ணைத் துடைத்தான். தன் வீட்டுச் சமையலறை ஜன்னலை ஒரு பார்வை பார்த்தான். உள்ளே அவன் மனைவி பெர்னடெட், எங்களுக்கெல்லாம் பெர்னி, நடமாடிக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்த மாதிரியே குழிக்குள் வைத்து மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்தினான். நான் கையைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

"என்ன புதைக்கிற?"

"உனக்கு வேற வேலையே இல்லையா வில்மா?"

"இருந்தா வந்திருப்பேனா?"

ஆரினும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவன் எங்கள் ஊர் வாஷிங் மெஷின் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவன். வரிசையாக வரும் மெஷின்களில் எதில் கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. தொழிற்சாலையை மூடி வெகுநாளாகிவிட்டது. அவன் மட்டும் வேலையை விடவில்லை. தபால்காரர் மாறினால் சந்தேகம், குப்பை வண்டி பத்து நிமிஷம் முன்னால் வந்தால் சந்தேகம். ஆனால் அன்றைக்கு அவன் முகத்தில் இருந்தது வழக்கமான சந்தேகம் இல்லை. பயந்து போயிருந்தான்.

"சூசையப்பர்," என்றான் மெல்லிய குரலில். "தலைகீழா."

எனக்கும் பகீர் என்றது. ஹெல்மர் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு விற்க நினைப்பவர்கள் இயேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பரின் சின்னச் சுரூபம் ஒன்றை வாங்கி, முன்பக்க மண்ணில் தலைகீழாகப் புதைப்பார்கள். விற்று முடிந்ததும் தோண்டி எடுத்து, புது வீட்டில் மரியாதையாக நிமிர்த்தி வைக்க வேண்டும். அதுவரை அந்த மனுஷன் மண்ணைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டியதுதான். கத்தோலிக்கர்கள் ஆரம்பித்த பழக்கம். இப்போது எந்தக் கோயில் பக்கமும் போகாதவர்கள்கூடச் செய்கிறார்கள். பெர்னி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஆரின் லுத்தரன் சபை, புனிதர் சுரூபம் வைக்காதவர்கள். ஆரின் புதைக்கவில்லை. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"லொரெட்டா வேலையா இருக்குமோ?" என்றேன். லொரெட்டா அவனுக்கு அடுத்த வீடு. புருஷன் போனதிலிருந்து வீட்டை விற்றுவிட்டுத் தங்கையோடு போய் இருக்க நினைக்கிறாள். 'விற்பனைக்கு' என்ற பலகை இலையுதிர்காலத்திலிருந்து அவள் புல்தரையில் நிற்கிறது.

"அவளோடது அவ பலகைக்குக் கீழ இருக்கு. அவ புதைச்சதை நானே பாத்தேன்."

"அப்ப நீயும் வேவுதான் பாக்குற."

"நான் கவனிக்கிறேன். அது வேற."

"சரி, பெர்னிகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா ஒத்துக்குவாளா? கோளாறு எங்கன்னு தெரியிற வரைக்கும் மெஷினை நிறுத்தக் கூடாது வில்மா. ஓடவிட்டுப் பாக்கணும்."

பெண்டாட்டியை மெஷின் என்று சொல்கிறவனிடம் என்ன பேசுவது? ஆனாலும் பாவமாக இருந்தது. அந்த வீட்டைத் தவிர அவனுக்கு வேறு உலகம் கிடையாது. தரை முழுக்க அவன் கையால் பதித்த ஓக் பலகை. "நான் இந்த வீட்டை விட்டுப் போறது ஸ்ட்ரெச்சர்லதான்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான். பெர்னிக்கோ பனிக்காலம் வந்தால் முழங்கால் வலி. அரிசோனாவில் இருக்கும் மகள், வெயிலுக்கு வந்துவிடு என்று போனுக்குப் போன் கூப்பிடுகிறாள். அவன் பயத்தை முழுசாகத் தப்பு சொல்ல முடியாது.

காலமும் அப்படிப்பட்ட காலம். அரைமணி தூரத்தில் பேட்டரித் தொழிற்சாலை வருகிறது என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. முன்பெல்லாம் கேட்பாரில்லாமல் கிடந்த வீடுகள், பலகை நட்ட வாரமே போகின்றன. 'உங்கள் வீட்டை ரொக்கமாக வாங்கிக்கொள்கிறோம்' என்று யார் யாரோ அட்டை அனுப்புகிறார்கள். வேறு மாநிலத்து எண் போட்ட கார்கள் தெருவில் மெதுவாக ஊர்கின்றன. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவர் போன வாரமே வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டாரோ என்னவோ. என் வீட்டுக்காரர் ஹார்லன் காலையில் போனைத் திறந்து, மழை வருமா என்று பார்ப்பதுபோல வீட்டு விலை பார்க்கிறார். நம்முடையது மட்டுமா, தெருவில் எல்லோருடையதும். அன்று சாயங்காலம் நானும் ஒரு முள்கரண்டியை எடுத்துக்கொண்டு போய் என் பூப்பாத்தியைக் குத்திக் குத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்படியும் இரண்டு நாள் ஹார்லனிடம் சரியாகப் பேசவில்லை.

அதன் பிறகு ஆரின் தினமும் ஒரு புதுச் செய்தியோடு வந்தான்.

"பின்பக்க ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கா. சாம்பல் நிறம்."

"அடிச்சா என்ன?"

"இத்தனை வருஷத்துல அவ சாம்பல் நிறத்துல ஒரு கைக்குட்டைகூட வாங்கினதில்ல. வீடு விக்கிறவங்கதான் சாம்பல் அடிப்பாங்க."

அது உண்மைதான். தரகர்கள் சொல்லிக்கொடுப்பது. வருகிறவர்களுக்கு எந்த நிறமும் பிடிக்காமல் போய்விடக் கூடாதாம்.

அடுத்த நாள் நடைச் சுவரில் இருந்த குடும்பப் படங்கள் எல்லாம் இறங்கிவிட்டன என்றான். அதுவும் தரகர்கள் சொல்வதுதான். நம் மூஞ்சி சுவரில் இருந்தால் வாங்க வருகிறவர்களுக்கு அது அவர்கள் வீடாகத் தெரியாதாம். அதற்கும் மறுநாள் வந்து, குரலே எழும்பாமல் சொன்னான்.

"மேஜை மேல கிண்ணம். கிண்ணத்துல எலுமிச்சம்பழம்."

"எத்தனை?"

"ரொப்பி வச்சிருக்கா."

நானும் நம்பிவிட்டேன். எங்கள் ஊரில் எலுமிச்சம்பழத்தைப் பிழியாமல் கிண்ணத்தில் வைத்து அழகு பார்ப்பது வீடு விற்கிறவர்கள் மட்டும்தான்.

"வீடு ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு?" என்றேன். "உன் கையெழுத்து இல்லாம அவளால என்ன பண்ண முடியும்?"

"அதான் எனக்குப் பயமே. என் கையெழுத்து வேணும்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் புதைச்சிருக்கான்னா, அது தேவைப்படாத நாளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கா." சுற்றும் முற்றும் பார்த்தான். "இப்பல்லாம் ரொட்டிக்கு வெண்ணெய் தாராளமா தடவுறா. முன்னெல்லாம் கொலஸ்ட்ரால்னு கத்தியைப் பிடுங்குவா."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் வெண்ணெயையும் அவன் விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

லொரெட்டாவிடமும் வேலிக்கு மேலே தலையை நீட்டி விசாரித்திருக்கிறான். பெர்னி ஏதாவது சொன்னாளா என்று கேட்டதற்கு அவள் முகம் சிவந்து போனதாம். "ஏன் ஆரின், வித்தா என்ன தப்பு? இப்ப நல்ல விலை போகுது. உனக்கும் வயசாகுது" என்றாளாம். இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு கட்டிவிட்டான். அதிலிருந்து லொரெட்டா வீட்டைப் பார்க்க யார் வந்தாலும் கையில் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயோடு வெளியே வந்து நின்றான். ஏற்கெனவே நிற்கிறவன்தான், இப்போது நாற்காலியும் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெருவில் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைத் திறந்து காட்டினார்கள். வாங்குகிற எண்ணமே இல்லாத ஊர்ச்சனம் முழுக்க இப்படிப்பட்ட நாளில் உள்ளே போய் அலமாரியைத் திறந்து பார்த்து, பிஸ்கட் தின்றுவிட்டு வருவது வழக்கம். நானும் ஆரினும் போனோம். காட்டியவள் கெயில் டிரிம்பிள். பாதி ஊருக்கு அவள்தான் வீட்டுத் தரகர், லொரெட்டாவுக்கும்கூட.

"என் வீட்டம்மா உங்ககிட்ட வந்தாங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டான் ஆரின்.

கெயில் பிஸ்கட் தட்டை நீட்டினாள். "யார் வந்தாங்க, யார் வரலைன்னு நான் சொல்ல முடியாது சார். நீங்க எந்தத் தெரு?"

சொன்னான். அவள் கண்ணில் ஒரு விளக்கு எரிந்தது.

"அந்த ஓக் தரை வீடா? அதை நான் ஒரு தரம் பாக்கணுமே."

ஆரின் யோசித்தான். அவன் யோசித்தால் ஏதாவது வம்பு வரும். "செவ்வாய்க்கிழமை காலைல வாங்க," என்றான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பெர்னிகிட்ட சொல்ல மாட்டேன். இவ வந்து நிக்கும்போது அவ மூஞ்சியைப் பாக்கணும். முன்னமே தெரிஞ்சவங்கன்னா ஒரு நொடியில தெரிஞ்சுடும்."

"ஆரின், இது நல்லதுக்கில்ல."

"வீடு என்னோடது வில்மா."

"பாதி," என்றேன். அவன் காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை கெயிலின் வெள்ளைக் கார் வந்து நின்றதும், பெர்னியின் கேக் தட்டு ஒன்று என் வீட்டில் கிடந்தது ஞாபகம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வாங்கியது. அதை உடனே திருப்பிக் கொடுக்காவிட்டால் நன்றாக இருக்காது என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்த பெர்னி கெயிலைப் பார்த்தாள். தெருவில் போகிறவரைப் பார்க்கிற பார்வை. சமையலறை வாசலில் நின்ற ஆரின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றுமில்லை. அது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

"சார்தான் வரச் சொன்னாரு," என்றாள் கெயில் உள்ளே வந்தபடி. "அட, எல்லாமே தயார் பண்ணி வச்சிட்டீங்களே. படமெல்லாம் எடுத்தாச்சு. ரூமுக்குச் சரியான நிறம். எலுமிச்சம்பழம்கூட. இப்படி ஒரு வீட்டம்மா கிடைச்சா எங்களுக்கு வேலையே இல்ல."

"தயாரா? எதுக்கு?"

"விக்கிறதுக்குத்தான் மேடம்."

பெர்னி என்னைப் பார்த்தாள், ஆரினைப் பார்த்தாள். "நீ வீட்டை விக்கப் போறியா?"

"நானா? நானா விக்கப் போறேன்?" ஆரினுக்கு வார்த்தை தடுமாறியது. விடுவிடுவென்று வெளியே போனான். மண்வெட்டி சத்தம் கேட்டது. மண்ணோடு சூசையப்பரைக் கொண்டுவந்து எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தான். "அப்ப இது என்ன?"

பெர்னி முதலில் செய்த காரியம் சுரூபத்தை எடுத்து நிமிர்த்தி வைத்ததுதான்.

"நான் வச்சேன்னு நினைச்சியா?"

"வேற யாரு? சாம்பல் பெயின்ட் எதுக்கு?"

"கடைல யாரோ கலக்கச் சொல்லிட்டு வாங்காம போன டப்பா. பாதி விலை."

"படங்கள்?"

"சுவத்துல ஈரம் இறங்குது. உன்கிட்ட மூணு தரம் சொன்னேன். தண்ணிக் குழாயோட வாசல்ல நிக்க நேரம் இருக்கு, அதைப் பாக்க நேரம் இல்ல."

எலுமிச்சம்பழத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையில் விழுந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் பின்கதவைத் தள்ளிக்கொண்டு லொரெட்டா வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "கெயில் கார் நிக்குதே, முடிவு பண்ணிட்டீங்களா? நான் நினைச்சேன். சூசையப்பர் கைவிட மாட்டாருன்னு—" மேஜையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"நீயா வச்ச?" என்றாள் பெர்னி.

லொரெட்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பாவம்னு தெரியும். எனக்கு வேற வழி தெரியல பெர்னி."

"உன் வீட்டுக்குத்தான் ஒண்ணு இருக்கே," என்றான் ஆரின்.

"இருந்து என்ன பண்ணுவாரு அவரு? ஊரெல்லாம் ஒரே வாரத்துல விக்குது, என் வீடு மட்டும் நிக்குது. வர்றவங்க உள்ள நல்லாத்தான் சுத்திப் பாக்குறாங்க. வெளிய வந்தா நீ. எந்த ஊரு, என்ன வேலை, குடிப்பீங்களா, நாய் குரைக்குமான்னு கேள்வி. ஒரு பையன்கிட்ட என் நிலவறையில தண்ணி வரும்னு சொன்ன."

"வரத்தானே செய்யுது?"

"வருது. அதை நான் சொல்லிக்க மாட்டேனா? கையில பச்சைக் குழந்தையோட வந்தாங்க ஆரின். அவங்க கார் நம்பரை எழுதிக்கிட்ட." அழ ஆரம்பித்தாள். "இருபது வருஷமா பக்கத்துல இருக்கேன். உன்கிட்ட போயிடுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்? அதான் சூசையப்பருகிட்ட சொன்னேன்."

ஆரின் கெயிலைப் பார்த்தான், அவளாவது இல்லை என்று சொல்ல மாட்டாளா என்று. கெயில் தன் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். "பக்கத்து வீட்ல யாருன்னு எல்லாரும் கேக்கத்தான் செய்றாங்க சார். இந்த அம்மா வீட்டு விலையைப் பனிக்காலத்துல ரெண்டு தரம் குறைச்சுட்டோம்."

தொழிற்சாலையில் எத்தனையோ கோளாறு கண்டுபிடித்தவன். அன்று அவன் நின்ற நிலையைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. இதுதான் சமயம் என்று கேக் தட்டை வைத்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

பெர்னி லொரெட்டாவைத் திட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பிறகு ஆரினிடம் திரும்பினாள்.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"மண்ணு இளகினப்ப."

"அன்னிலேர்ந்து என்னைப் பாத்துக்கிட்டே இருந்திருக்க."

அவன் மேஜைமேல் சிந்தியிருந்த மண்ணைக் கையால் கூட்டினான்.

"லொரெட்டா நீ போகணும்னு நினைச்சா. அது எனக்குப் புரியுது. நானே சில நாள் நினைச்சிருக்கேன். ஆனா அதைப் பாத்ததும், என்கிட்ட கொண்டாந்து 'இது என்ன பெர்னி'ன்னு ஒரு வார்த்தை கேக்கல நீ. திரும்பப் புதைச்சிட்டு உள்ள வந்து நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்ட. நான் வெண்ணெய் தடவிக் குடுத்தேன்."

"அதுகூட ஏன்னு—" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"ஏன்னா ராத்திரி தூங்காம இளைச்சுப் போயிருந்த. உடம்புக்கு ஏதோன்னு நினைச்சேன்."

ஆரின் அழுதான். பள்ளி நாளிலிருந்து பார்க்கிறேன், அவன் அழுது நான் பார்த்ததில்லை.

பெர்னி அவனைத் தேற்றவில்லை. கெயிலிடம் கேட்டாள். "நல்ல விலைன்னா, எவ்வளவு போகும்?"

கெயில் சொன்னாள். அவர்கள் வாங்கிய விலையைப் போல் ஒன்பது மடங்கு. லொரெட்டாகூட அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பேப்பர் கொண்டு வந்திருக்கீங்களா?"

"கார்ல இருக்கு மேடம்."

"பெர்னி," என்றான் ஆரின். "நீ விக்க நினைக்கவே இல்லைன்னுதானே சொன்ன?"

"நினைக்கல. முழங்கால் என்ன வலிச்சாலும், நீ விட மாட்டேன்னு தெரிஞ்சு நான் நினைக்கக்கூட இல்ல. இனிமே இந்த வீட்டுல நான் ஒரு சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சா, ஒரு படத்தைக் கழட்டினா, நீ என்ன நினைக்கிறியோன்னு யோசிக்கணும். அப்படி என்னால இருக்க முடியாது. நான் போறேன். நீயும் வந்தா சந்தோஷம். ஆனா இங்க இல்ல."

கெயில் காருக்குப் போய்ப் வீட்டை விற்றுத்தரும் ஒப்பந்தம், பத்துப் பதினைந்து பக்கம், கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பெர்னி தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் போடாவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்தான்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடு," என்றாள் பெர்னி.

"வேணாம்," என்றான் ஆரின். "நீதானே குடுக்குற."